பார்க்காமல் எழுதிய எண்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் அக்கா புருஷனுக்கு நடந்தது. முதல் பாதியை அவர் வாயால் கேட்டேன். கடைசிப் பகுதி நடக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். நடுராத்திரியில் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பட்டப்பகலில், வெயில் கொளுத்தும் நேரத்தில்.

அத்தான் டீசல் மெக்கானிக். பட்டறையில் அவருக்கு 'விரல்' என்று பட்டப்பெயர். கருவி எதுவும் வேண்டாம், தொட்டுப் பார்த்தே எஞ்சினின் கோளாறைச் சொல்லிவிடுவார். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் குழியில் தள்ளியது.

ஒரு தொழிற்சாலையின் ஆள் ஏற்றும் வேன் சோதனைக்கு வந்தது. நாலு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த வண்டி. "இறக்கத்துல நீலமா புகை வருதுண்ணே. விசில் மாதிரி ஒரு சத்தமும் கேக்குது," என்றார் டிரைவர்.

கேட்டவுடனே டர்போ மேல்தான் சந்தேகம் வர வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்னச் சக்கரம் அது. அதன் அச்சுத் தண்டான ஷாஃப்ட் தேய்ந்தால் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை டயல் கேஜ் என்ற முள் கருவியால் அளந்து படிவத்தில் எழுத வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 0.1-ஐத் தாண்டினால் டர்போவைக் கழற்றியே ஆக வேண்டும்.

கேஜ் மாடி ஸ்டோரில் இருந்தது. மணி 12:50. பசி வேறு. அத்தான் காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சுற்றியது.

"கேஜ் வச்சுப் பாக்கலையாண்ணே?" என்றார் டிரைவர்.

"என் விரலே கேஜ்தான்யா. போய் வண்டியை எடு."

தேய்ந்த ஷாஃப்ட்டும் இப்படித்தான் லேசாகச் சுற்றும். அது அத்தானுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே படிவத்தில் 0.06 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பதாம் நாள், ஆட்களை இறக்கிவிட்டு டிரைவர் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். செங்குத்தான இறக்கத்தில் ஷாஃப்ட் முறிந்தது. டர்போவின் எண்ணெய் எஞ்சினுக்குள் பாய்ந்தது. அந்த எண்ணெயையே குடித்து எஞ்சின் வெறி பிடித்து ஓடும், சாவியைத் திருப்பினாலும் அடங்காது. வேன் மதிலில் மோதியது. டிரைவர் அங்கேயே போய்விட்டார்.

விசாரணைக்கு வந்தவர்கள் படிவத்தைப் பார்த்தார்கள். எண் சரியாக இருந்தது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். அத்தான் மூச்சு விடவில்லை.

டிரைவரின் மனைவி பட்டறைக்கே தேடி வந்தார்.

"உங்கப்பா குடிச்சிட்டா ஓட்டினாருன்னு எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கேக்குறாங்கண்ணே. கேஜ் வைக்கவே இல்லைன்னு அவரு அன்னிக்கே வீட்ல வந்து சொன்னாரு. உண்மையைச் சொல்லுங்க. அளந்து பாத்தீங்களா?"

அத்தான் தரையைப் பார்த்தார். "பாத்தேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்தம்மா என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லடா. சரிங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு," என்று பிறகு என்னிடம் சொன்னார் அத்தான். அந்த அம்மா வந்துபோன நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கவே கூசினார். இதையெல்லாம் கேட்டபோது, கூசட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. பட்டறைக்கு அரை நாள்தான். ஒரு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். ஸ்டாண்டில் அதே மாதிரி இன்னொரு எஞ்சின். பேட்டரி கிடையாது, டீசல் கிடையாது. தொட்டால் சில்லென்று இருந்தது. இந்த முறை அத்தான் மாடி ஏறி கேஜை எடுத்து வந்தார். அதன் முனையை ஷாஃப்ட் நுனியில் பொருத்தினார்.

1:12. ஷாஃப்ட்டைத் தள்ளிப் பார்த்தார். 0.03. பழுதில்லை. கையை எடுத்தார், முள் பூஜ்யத்துக்கு வந்தது. பேனாவை எடுக்கத் திரும்பினார்.

டிக்.

திரும்பிப் பார்த்தார். முள் 0.06-இல் நின்றது. யாரும் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது...

டிக். மறுபடி 0.06.

மேஜை ஆடுகிறதோ என்று அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ ஷாஃப்ட்டைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சுற்றி வந்து பார்த்தார். அந்தப் பக்கம் இரும்பு மூடி, நாலு போல்ட். விரல் நுழைய வழியே இல்லை.

1:26. டிக். 0.06. டிக். 0.06. அவர் எழுதிய அதே எண். ஒரு இழை கூடவில்லை, குறையவில்லை.

1:31. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

விசில் சத்தம்... முதலில் மெல்லியதாக. பிறகு காதைக் கிழிக்கிற மாதிரி.

முள் 0.06-ஐத் தாண்டியது. முழுச் சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று...

சில்லிட்ட எஞ்சினிலிருந்து அவர் கையில் சூடான காற்று பட்டது.



"நான் பாக்கலை," என்றார் அத்தான். "பாக்காமலே எழுதிட்டேன்."

சத்தம் நின்றது.

1:35.

ஞாயிறு முழுக்கப் படுக்கையில் கிடந்தார். ராத்திரிதான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனேன். பட்டறையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். "அவசரத்துல சரியாப் பாக்கலைன்னு சொன்னாப் போதாதாடா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வந்த கோபத்தில் அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன்.

வீட்டுக்கு இரும்பு கேட். பூட்டு இல்லை, ஆனால் திறக்க முடியவில்லை. தள்ளினோம், இழுத்தோம், கொக்கி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார். கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

"மறுபடி எதுக்கு வந்தீங்க? அதான் சனிக்கிழமையே எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் கேட்டேன், "எத்தனை மணிக்கும்மா?"

"ஒன்னு முப்பத்தஞ்சு. பொண்ணுக்கு மருந்து குடுக்கக் கடிகாரத்தைப் பாத்தேன், திரும்பினா இவரு நடுவீட்ல நிக்குறாரு. கையெல்லாம் எண்ணெய். 'நான் பாக்கலை, பாக்காமலே எழுதிட்டேன்'னு சொன்னாரு. தண்ணி எடுக்கப் போனேன், அதுக்குள்ள ஆளைக் காணோம்."

அத்தான் அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டார். பேப்பர் கேட்டார். முழங்காலில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளால் பிறகு டிரைவர் மேல் இருந்த பழி நீங்கியது. அத்தானுக்கு வேலை போனது. அது நியாயம்தான்.

அந்த அம்மா தாளை ரெண்டு தரம் படித்தார். மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கம்பி வழியாக அத்தானையே உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கேட்டை வெளியில இருந்து திறக்கற விதம் எங்க வீட்ல மூணு பேருக்குத்தான் தெரியும். நான், எம் பொண்ணு, அவரு. இன்னிக்கு இவ்வளவு நேரம் முழிச்சுக்கிட்டு நின்னீங்களே... அன்னிக்கு எப்படித் திறந்து உள்ள வந்தீங்க?"