அரைச் சுற்று

எங்கள் ஸ்கேட்போர்டு கடை மெக்கானிக்கை எல்லோரும் நட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சக்கரங்களைத் தாங்கும் ட்ரக்கின் நட்டை, ஏறி நிற்பவரின் எடைக்குத் தக்கபடி திருகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

டீச்சர் ஒருவர் மாதம் தவறாமல் தன் லாங்போர்டு பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார். "மறுபடியும் வளைவுல திரும்ப மாட்டேங்குதுண்ணே." ஆள் இளைத்தால் நட்டையும் தளர்த்த வேண்டும். அண்ணன் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, "பட்டினி கிடக்கறீங்களா டீச்சர்? காத்து தூக்கிட்டுப் போயிடப் போவுது!" என்பார். டீச்சர் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம், இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது மாதம் அவர் கணவர் அந்தப் பலகையோடு வந்தார். "நான் ஏறினா சக்கரம் பலகையில உரசுதுங்க."

"உங்க உடம்புக்கு இது ரொம்ப லூசு. டீச்சர் வரலையா?" என்றபடி அண்ணன் ஸ்பேனரை எடுத்தார்.

"போன வாரம் போயிட்டா. வயித்துல புத்துநோய்." அவர் நட்டைக் கையால் மூடிக்கொண்டார். "இதை இறுக்கிடாதீங்க. அவளுக்கு வச்சது அப்படியே இருக்கட்டும்."

அண்ணன் ட்ரக்கைக் கழற்றி, பலகைக்கும் அதற்கும் நடுவே தடித்த ரைசர் ரப்பரை வைத்து, சக்கரம் உரசாதபடி உயர்த்திக் கொடுத்தார். நட்டைத் தொடவே இல்லை.

இப்போது யார் வந்து தளர்த்தச் சொன்னாலும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்: "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"