மோந்து பார்க்கத் தெரிந்தவள்

விஸ்கித் திருவிழாவுக்குக் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி வரும் சாலையில், மாந்தோப்புக்குள் இருக்கும் ரிசார்ட்டில் நான் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். சென்னையிலிருந்து வசதியானவர்கள் வந்து இரண்டு நாள் தங்கி விஸ்கி ருசி பார்ப்பார்கள், அதைத் தயாரிப்பவர்களே ஸ்காட்லாந்திலிருந்தும் கோவாவிலிருந்தும் வந்து விளக்கம் சொல்வார்கள் என்றார்கள். என் கணவர் குடியால் இறந்து அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. லீவு போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காலேஜில் படிக்கும் மகளை நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

முதல் நாள் காலை பெரிய ஹாலில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஸ்டீல் வாளி வைக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். வாயில் ஊற்றிச் சுழற்றிவிட்டுத் துப்புவதற்காம். என் கணவர் ஒரு துளியைக்கூடத் துப்பி நான் பார்த்ததில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்களில் ஒரு பெண்மணி இருந்தார். அறுபது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி. அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டே வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி மூக்கைத் தொட்டுக் காட்டினார். முகர்ந்தேன். ஈரத்துணி வாடை. நானே அடுத்ததை எடுத்தேன். சோப்பு. மூன்றாவதில் பழைய நியூஸ்பேப்பர். பேப்பர் சுற்றி அலமாரியில் வைத்திருந்தவை அவை. மூன்றையும் தனியாக எடுத்து வைத்தேன். அந்த அம்மா கண்ணை விரித்து, ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த சென்னைப் பெண்ணைக் கூப்பிட்டார்.

இரண்டு கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி என்னிடம் தந்தார்கள். "குடிக்க வேணாம்க்கா, என்ன வாசனைன்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றாள் அந்தப் பெண்.

முதலாவதில் வெல்லம் காய்ச்சுகிற வாசனை, அதற்கடியில் மழையில் நனைந்த சாக்கு. சொன்னேன். இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனதும் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரி" என்றேன்.

"அய்யோ அக்கா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று அந்தப் பெண் பதறினாள். ஆனால் அந்த அம்மா விடாமல் கேட்கவே, தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னாள். அவர் கைதட்டி என் தோளைக் கட்டிக்கொண்டார். அவருடைய தீவில் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து விறகுபோல எரிப்பார்களாம். அந்தப் புகை விஸ்கி செய்யும் பார்லியில் ஏறி, விஸ்கியில் டிஞ்சர் வாசனை வருமாம். அதை இப்படிப் பளிச்சென்று சொல்வதற்குப் பலருக்கு வருடக்கணக்காகுமாம்.

"எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாங்கக்கா."

"எங்க வூட்டுக்காரரு வாய மோந்து மோந்து கத்துக்கினேன்னு சொல்லும்மா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தைதான், கிச்சன்.

என் கணவர் திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, பிராந்தியா வேறா, பாக்குப் போட்டு மறைத்திருக்கிறாரா, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டுவிட்டால் மட்டும் தொடமாட்டார். மஞ்சள் வேட்டி கட்டிக் காவடி எடுத்து மலையேறுவார். அந்த நாட்களில் அவரிடம் விபூதியும் வியர்வையும்தான் மணக்கும். இந்த வருடம் இப்படியே இருந்துவிடுவார் என்று ஒவ்வொரு வருடமும் நம்பினேன். மலை இறங்கிய மூன்றாம் நாளே பழையபடி வந்து நிற்பார்.

மதியம் கூட்டம் நிறைந்திருந்தபோது அந்த அம்மா என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அதே விஸ்கியைக் கையில் கொடுத்தார். காலையில் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல்.

முன்வரிசையிலிருந்து ஒருவர், "எந்த ஆஸ்பத்திரிம்மா? கவர்மென்ட்டா, பிரைவேட்டா?" என்று கத்தினார்.

"கவர்மென்ட்டு சார். ஆம்பளைங்க வார்டு" என்றேன்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு என் வார்த்தை புரியவில்லை, ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோப்பையை வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

பின்பக்கம் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சென்னைப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு தேடி வந்தார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொல்லிவிட்டேன். மை ஹஸ்பண்ட். டிரிங்கிங். டெட்.

இறக்கும்போது அவருக்கு என்ன வயது என்று அந்த அம்மா கேட்டார். நாற்பத்து நான்கு. என்ன வேலை? ஆட்டோ. நல்ல மனுஷரா என்று கேட்டார். என் கணவர் போன பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஆங். குடிக்காதப்ப ரொம்ப நல்லவரு" என்றேன்.

அந்தப் பெண் இந்த முறை அதை அப்படியே சொன்னாள். அந்த அம்மா நிரம்பியிருந்த வாளியின் கைப்பிடியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, என்னோடு தோப்பு ஓரத்துச் சாக்கடை வரைக்கும் நடந்து வந்தார். இரண்டு பேருமாகக் கவிழ்த்தோம். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று இருந்தது. முடியவில்லை.

மறுநாள் அதே விஸ்கியைப் பற்றிப் பேசும்போது புகை என்றார், கடல் என்றார். ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. மதியமே கார் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கடைசியாகக் கிடந்த அந்த வார்டைப் பற்றி அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"நைனாகிட்ட அந்த வாசன இல்லியேம்மா" என்றாள்.

"பின்ன?"

"நீ ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போனியே, அப்ப சாத்துக்குடி உரிச்சித் தரச் சொல்லிச்சி. துன்ன முடில. தோல மட்டும் மூக்காண்ட வச்சிக்கினு இருந்துச்சி. நல்லா கீதும்மான்னு சொல்லிச்சி."

நான் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அதன்பிறகு கண் திறக்கவே இல்லை. அப்படியானால் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா. சொன்னா அழுவன்னு விட்டுட்டேன்."

"நான் எங்கன்னு கேட்டாரா?"

மடித்துக்கொண்டிருந்த பாவாடையைக் கீழே வைத்தாள். "இல்லம்மா" என்றாள்.

கேட்டார் என்று அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு அவர் வேறு என்னென்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னாள்.