நான்கு அறைகளில் தொங்கிய வெள்ளி

ஆம்பூர் புறவழிச்சாலையை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஜெனிஃபா ஒருத்திதான். வேலூரில் வேதியியல் படித்தவள். அவள் பட்டம் வாங்கிய தொண்ணூறுகளில் தோல் ஆலைகளின் பரிசோதனைக்கூடங்களுக்குப் பெண்களை எடுக்கத் தயங்கினார்கள். சரி போகட்டும் என்று காட்பாடியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, டைப் அடிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், சர்வர்கள் இருந்த ஏசி அறையின் சாவி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது.

2008-இல் முதலாளி நிசார் அஹமது பழைய சர்வர்கள் நான்கையும் கழித்துக்கட்டிவிட்டு ஒரே ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார். டிசைன், கணக்கு, ஏற்றுமதி, வருகைப்பதிவு என்று நான்கும் அதற்குள்ளேயே, தனித்தனிப் பெட்டிகளில் இருப்பதுபோல ஓடின. ஒரு முழு சர்வரே இப்போது ஒரு ஃபைல்; அப்படியே காப்பி எடுத்துவிடலாம். இது ஜெனிஃபாவுக்கு வியப்பாகவே இருந்தது. தினமும் எல்லாவற்றையும் காப்பி எடுத்தாள். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது.

பழசை எத்தனை நாள் வைத்திருப்பது? பிரிவு பிரிவாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: எல்லாமே வேண்டும், எப்போதுமே வேண்டும்.

கேள்வி சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. டிசைன் பிரிவுத் தலைவர் ஆபித் பாஷாவிடம் மாற்றிக் கேட்டாள்.

"பாய், ஒரு ஃபைல் காணாமப் போனா, போய்ட்டதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஆபித் பாஷா கையிலிருந்த தோல் துண்டைக் கீழே வைத்தார். "நல்லாக் கேட்ட போ. ஜெர்மன்காரன் குளிர்கால பூட்ஸை அடுத்த வருஷம்தான் திரும்பக் கேப்பான். அதுவரைக்கும் அதை யார் தொறந்து பாக்குறாங்க?"

கணக்குப் பிரிவு மாதக் கடைசியில் கண்டுபிடிக்கும். ஏற்றுமதிப் பிரிவு, சரக்கு அக்கரை சேர்ந்த பிறகு. வருகைப்பதிவில் ஒரு பிழை என்றால் சம்பள நாளன்று தையல் பிரிவே கிளம்பி வந்துவிடும். ஜெனிஃபா அதற்கேற்பப் பிரித்தாள். தினசரிக் காப்பி, அன்று மாறியதை மட்டும் எடுத்து, சில வாரத்துக்கு. மாதக் கடைசிக் காப்பி, டிசைனுக்கு மட்டும் ஒன்றரை வருஷத்துக்கு. டிஸ்க்கில் பாதி காலியானது.

அடுத்தது, இரண்டாவது காப்பியை எங்கே வைப்பது என்பது. இந்தக் கட்டடத்துக்கே ஏதாவது ஆனால்? ஊருக்கு வெளியே, தோல் பதனிடும் கம்பெனியின் டேனரி இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஆன்டெனா கட்டி இரண்டையும் இணைத்தார்கள். டேனரி அலுவலகத்தில், சூப்பர்வைசர் பச்சையப்பனின் மேசைக்குப் பின்னால் டிஸ்க் பெட்டி உட்கார்ந்தது.

ஐந்தாம் மாதம் அது செத்துப்போனது. சென்னையிலிருந்து வந்தவர் கரண்ட் கோளாறு என்று சொல்லி வேறு பெட்டி வைத்தார். மழைக்காலத்தில் அதுவும் போய்விட்டது.

"இந்த ரூமே ராசியில்லம்மா," என்றார் பச்சையப்பன்.

ஜெனிஃபா பெட்டியைத் திறந்தாள். தூசு அதிகமில்லை. ஆனால் பளபளவென்று இருக்க வேண்டிய செம்புக் கம்பிகளும் முனைகளும் கரியாக இருந்தன. விரலால் தேய்த்தாள், போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குழிகள். தோலிலிருந்து முடியை எடுக்க அதில் சல்பைடு போடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். கல்லூரியில் வெள்ளிக் காசை அதே நாற்றமடிக்கும் வாயுவில் காட்டிக் கறுக்க வைத்தது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் காற்றுதான் பெட்டியைத் தின்கிறது. இங்கே மட்டுமா?

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மகளுக்குச் சின்னதாகிப்போன கொலுசை எடுத்து நான்கு துண்டாக வெட்டினாள். பற்பொடி போட்டு வெள்ளை வெளேரென்று தேய்த்தாள். கணவன் ரெனால்ட், "இன்னா, கொலுசை வெட்டி பொரியல் பண்ணப் போறியா?" என்று கேட்டான்.

"இடம் பாக்கப் போறேன்," என்றாள்.

ஒரு துண்டை டேனரி அலுவலகத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். ஒன்று அவளுடைய ஏசி அறையில். ஒன்று காட்பாடி ஸ்டேஷன் பக்கம் கம்பெனியின் புக்கிங் ஆபீஸ் மாடியில். நான்காவது நிசார் அஹமதுவின் வீட்டில். "டிஸ்க்கை என் வீட்லயே வெச்சிடு, அதைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒவ்வொன்றாக எடுக்கப் போனாள். முதலாளி வீட்டில் அவர் மனைவி அன்வரி பேகம் அலமாரியைத் திறந்துவிட்டார். நூலில் தொங்கிய துண்டு மங்கி, கறுத்துப் போயிருந்தது.

"இதுவும் கறுத்துப்போச்சா?" என்றார் அன்வரி பேகம். "என் வெள்ளி டம்ளருங்களும் இப்படித்தான், வாரா வாரம் தேய்க்கறேன். ஈரக் காத்துதான்னு அவர் சொல்றார். நீ இன்னா சொல்ற?"

வீட்டுப் பின்பக்கம் தோல் ஆலைகளின் கழிவுநீர்க் கால்வாய் ஓடுவது ஜெனிஃபாவுக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு, "சார்கிட்ட காட்டிட்டு வர்றேம்மா," என்று மட்டும் சொன்னாள். திரும்பும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்றே யோசித்தாள்.

நிசார் அஹமதுவின் மேசையில் வெள்ளைத் தாளை விரித்து நான்கு துண்டுகளையும் வரிசையாக வைத்தாள்.

"இன்னாம்மா இது, நகைக்கடையா?"

"எந்த இடத்துக் காத்து டிஸ்க்குக்கு ஆவும்னு பாத்தேன் சார். கரி மாதிரி இருக்கறது டேனரி. இது காட்பாடி, லேசா மஞ்சள் தட்டியிருக்கு, அவ்ளோதான். நம்ம ஏசி ரூம் நடுவுல இருக்கு."

அவர் விரல் நான்காவது துண்டின் மேல் நின்றது. "இது?"

"உங்க வீடு சார்."

நிசார் அஹமது அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேனரியைவிட ஜாஸ்தியா?"

"கம்மிதான் சார். ஆனா ரொம்ப கம்மி இல்ல."

வெளியே தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோபப்படப் போகிறார் என்று ஜெனிஃபா நினைத்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்: "மனுஷனுக்கு இன்னா ஆவும்?"

"அது எனக்குத் தெரியாது சார். வெள்ளிக்கு இன்னா ஆவும்னுதான் பாத்தேன்."

அவர் அந்தத் துண்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "காட்பாடியிலயே வெச்சிடு," என்றார். இரண்டு மாதத்தில் அவர் குடும்பம் ஏலகிரி சாலைப் பக்கம் வேறு வீட்டுக்குக் குடிபோனது. கால்வாய்க்குச் சிமெண்டு மூடி போடச் சொல்லி அவரே செலவை ஏற்றுக்கொண்டார் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்வரி பேகம் ஒரு வெள்ளி டம்ளரில் பாயசம் ஊற்றி ஜெனிஃபாவுக்குக் கொடுத்தனுப்பினார்.

முதலாளி சொன்ன நாளிலிருந்தே காட்பாடி போகும் கம்பெனி வேனில் வாரம் ஒருமுறை ஒரு டிஸ்க், துணி சுற்றிய பெட்டியில் பயணம் செய்தது. பழையது திரும்பி வரும்.

அடுத்த கோடையில் ஒரு மதிய மழையில் இடி இறங்கியது. பெரிய இயந்திரமும் பக்கத்திலிருந்த முதல் காப்பியும் ஒன்றாகக் கருகின. ஏசி அறையில் தீய்ந்த வாடை. ஆபித் பாஷா வாசலில் நின்று, "எல்லாம் போய்ட்டதா ஜெனிஃபா?" என்றார்.

"பாப்போம் பாய்," என்றாள். உண்மையில் அவளுக்கும் தெரியாது. பயத்தைவிட, என்ன வருமோ என்ற ஆவல்தான் அதிகமாக இருந்தது.

வேன் போய் காட்பாடி டிஸ்க்கைக் கொண்டுவந்தது. வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் டிசைன் சர்வரைத்தான் முதலில் எழுப்பினாள். திரை கறுப்பாகவே நின்றது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறின. ஆபித் பாஷா நாற்காலியை இழுத்துப்போட்டு, போன குளிர்கால பூட்ஸின் அச்சுகளை ஒவ்வொரு அளவாகத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டீ சொல்லட்டுமா?" என்றார்.

வருகைப்பதிவில்தான் சிக்கல். வேன் கடைசியாகப் போய் வந்ததற்குப் பிந்திய நாட்கள் எதிலும் இல்லை; மற்றதைக் காகிதங்களைப் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம், வருகைக்கு அதுவும் கிடையாது. தையல் பிரிவுப் பெண்கள் அறை முன் கூட்டமாக நின்று, யார் எந்த நாள் வந்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னார்கள். ஜெனிஃபா கேட்டுக் கேட்டு உள்ளே ஏற்றினாள். அடுத்த வாரத்திலிருந்து காட்பாடி வேனில் டிஸ்க் வாரம் இரண்டு முறை போனது.