சத்தம் கொடுத்தவன்

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். ஒரு வண்டிகூட இல்லாத ஜெர்மன் தெருவில், சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு ஒருவர் நின்றிருந்தார், நானும் நின்றேன். எங்கள் ஊர்ப் பக்கம், புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டி, ஒரு கூவல் போட்டுவிட்டுத்தான் கடப்போம். பின்னால், மரங்களுக்கு மேல், விண்வெளிக் கட்டுப்பாட்டு மையத்தின் ஆன்டெனா தெரிந்தது. அன்று காலைவரை அங்கே பெருக்கித் துடைப்பது என் வேலை. வேலையோடு, ஊரிலிருந்து என்னைக் கூட்டிவந்த ஒப்பந்தக் கம்பெனி கொடுத்த அறையும் போய்விட்டது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கொட்டகையில் சேர்ந்தவன் நான். கிரேன் தூக்குமுன், சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும், பெருக்குபவன் உட்பட, "ரெடி" என்று கத்த வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் இரும்பு தரையைவிட்டு எழாது. முதல் நாள் கூச்சத்தில் வாய் திறக்காமல் நின்றேன். மேஸ்திரி காசிம் பாய் பழவேற்காட்டுக்காரர். "இன்னா நைனா, வாயில கொழுக்கட்டையா? பொண்ணு பாக்க வந்துகிறியா? கூவுடா! தல மேல வுழுந்தா அப்பால கூவ முடியாது" என்றார். அன்று திறந்த வாய்.

இங்கே மையத்தில் நான் துடைத்த அறை, வானில் சுற்றும் விண்வெளி நிலையத்து மனிதர்களோடு பேசும் அறை. நம் நாடு நிலவுக்குக் கலம் அனுப்பிய சமயம் அது. நிலவுக்கு மறுபடி ஆள் போகும் பேச்சு இங்கேயும் அடிபட்டது. வேலை போன அன்று காலை ஒத்திகை. நான் பின்வரிசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைமை தாங்கிய அம்மா மேசை மேசையாக, தயாரா என்று கேட்டார். ஒவ்வொருவராக "கோ" என்றார்கள். இரும்பு வாசனைகூட வந்துவிட்டது எனக்கு. கடைசி மேசையும் சொல்லி முடித்தது. அறை அமைதியானது. நான் மட்டும் பாக்கி.

"ரெடி!" என்று கத்தினேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒத்திகை நின்றது. சூப்பர்வைசர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போய், "உன்னை யார் கேட்டது?" என்றார்.

"யாரும் கேட்கவில்லை, அதனால்தான் சொன்னேன்" என்றேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து பாய்க்குப் போன் போட்டேன். சிரித்துத் தீர்த்தார். "நிலாவுக்குப் போறவன் ஆபீஸ்லயே கூவிக்கினியா? அங்க நின்னுகினு இருந்த இல்ல? அப்ப கூவணும்தான். பேஜாராவாத. நாஷ்டா துன்னியா?"

தின்றேன் என்றேன். தின்னவில்லை.

மறுநாள் காலை ஆற்றுத் துறைமுகத்தில், கன்டெய்னர் ஏற்றும் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கிரேனின் சிவப்பு விளக்கு பச்சையானது. இரும்புப் பெட்டி எழுந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி, "ரெடி பாய்" என்றேன்.