அப்பா லேமினேட் செய்த சான்றிதழ்

வியட்நாமில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. விசாவுக்கு, பட்டச் சான்றிதழின் அசலில் அரசு முத்திரை வேண்டும். முக்கூடல் வீட்டுப் பீரோவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். முத்திரை வைக்கும் அலுவலர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"லேமினேட் பண்ணிட்டீங்களே மேடம், இதுல சீல் வைக்க முடியாது."

பண்ணியது அப்பா. நான் பட்டம் வாங்கிய அன்றே திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் கொடுத்து, சூடு ஆறும்வரை கையிலேயே பிடித்திருந்தார். "ஏட்டி, இனி ஆத்து வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் காட்டினார். இப்போது அவர் இல்லை.

வீட்டுக்கு வந்து ஓரத்தைப் பைய உரித்தேன். தாளும் சேர்ந்து வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பதில் வேறு சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தேன். அது வரும்வரை வேலை கொடுத்த வியட்நாம் பள்ளி காத்திருந்தது என் அதிர்ஷ்டம். புதியதில் முத்திரை வைத்தார்கள், விசா கிடைத்தது.

இப்போதெல்லாம் எந்தச் சான்றிதழையும் சாதாரண ஃபைலில்தான் வைக்கிறேன். தங்கை மகளிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். அப்பா பண்ணியது மட்டும் இங்கே ஹனோயில் என் ஜன்னலோரம் இருக்கிறது. சாரல் அடித்தால் மற்றதையெல்லாம் அவசரமாக எடுத்து உள்ளே வைப்பேன். அதை எடுப்பதில்லை.