மஞ்சள் மூக்குக் கிளிகள்

நான் நாலாவது படித்தபோது கைவேலை டீச்சர் எல்லாரையும் ஒரு மொபைல் செய்து கொண்டுவரச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "உங்க நைனாவே ஒடஞ்ச போனுக்கு ரப்பர் பேண்டு போட்டு வச்சினு இருக்காரு. உனக்கு மொபைலு கேக்குதா?"

சித்திதான் காப்பாற்றினாள். "அந்த மொபைலு இல்லக்கா. குச்சியில நூலு கட்டி அட்டைக் கிளி, அட்டை மீனெல்லாம் தொங்கவுடறது. காத்துல சுத்தி ஆடும்."

"அப்ப அப்டி சொல்ல வேண்டியதுதானே" என்று அம்மா உள்ளே போனாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கி, செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் காலேஜ் போய்க்கொண்டிருந்தவள். கடைசி வருஷம் நடுவில் நைனா அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார். மாப்பிள்ளை உள்ளூர்தான். நிச்சயம் ஆன மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா, பொண்ணு இனி பஸ் ஏற வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். கல்யாணத்துக்கு அப்புறமாவது பரீட்சை எழுதலாமா என்று சித்தி கேட்டாள். நைனா, "பாத்துக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு முடியாது என்று பொருள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கல்யாணம் என்றால் புதுப் பாவாடை, காரில் முன் சீட்டு, அவ்வளவுதான்.

தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய குச்சியை மேலே தொங்கவிட்டு அதிலிருந்து கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் மீன் கட்டினால் அந்தப் பக்கம் தொபுக்கென்று சாயும். மறுபக்கம் இன்னொன்று கட்டினால் இது எகிறும். காலண்டர் அட்டை கனமாக இருந்தது. நோட்டு அட்டையோ ஈரத் துணி போல வளைந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேலேர்ந்து கட்னா எப்டிடி நிக்கும்? கீழ்க்குச்சிய மொதல்ல நேரா நிக்க வையி. அப்பறம் அதத் தூக்கி மேல்குச்சியில கட்டு. சாஞ்சா அழுவாத. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கமா முடிச்ச நவுத்து." அவள் விரல் நுனியால் முடிச்சை ஒரு நெல் அளவு தள்ளினாள். கீழ்க்குச்சி தயங்கித் தயங்கி நேராக நின்றது.

பிறகு எழுந்துபோய் சாமி அலமாரியிலிருந்து கல்யாணப் பத்திரிகைகளில் நாலைந்தை எடுத்து வந்தாள். நாலு மூலையும் மஞ்சள் தடவி, சாமிக்கு முதலில் வைத்தவை. வழுவழுவென்று நல்ல கெட்டி அட்டை. மேலே இருந்த பிள்ளையார் படங்களை மட்டும் பதமாகக் கத்தரித்துக் கண்ணில் ஒற்றி, மறுபடி சாமியிடமே வைத்தாள்.

"உங்க ஸ்கூல் கண்காட்சிக்கு மாப்ள வீட்டு அம்மா வருவாங்களாடி?"

"வராம? அவங்க பேரன் எங்க கிளாஸ்தான் சித்தி. தெனம் அவங்கதான் கூட்டினு வருவாங்க."

சித்தி தலையாட்டிக்கொண்டே கத்தரியை ஓட்டினாள். மீன்கள் வந்தன, கிளிகள் வந்தன. மஞ்சள் மூலை எல்லாம் கிளிக்கு மூக்காகிவிட்டது. அப்படி ஒரு அழகை நான் அதற்குமுன் செய்ததில்லை.

கண்காட்சியில் டீச்சர் அதை வாசலிலேயே தொங்கவிட்டு ஃபேனைப் போட்டார். கிளிகள் மெல்லச் சுழன்றன. வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் பேரனைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். ஒரு கிளியின் உடம்பில் 'திருவளர்செல்வன்' என்று இருந்தது. அதன் கழுத்து வளைந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் பாதியோடு நின்றது. மீதிப் பாதி எதிர்க்குச்சியில் ஒரு மீனின் வாலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா அநியாயம் இது! மஞ்ச வச்ச பத்திரிகைய வெட்டி, எம்புள்ள பேரக் கழுத்தறுத்துத் தொங்கவுட்டு இருக்குதுங்களே!"

அன்று சாயங்காலமே நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. நைனா கெஞ்சிப் பார்த்தார். "சின்னக் கொழந்தைம்மா, தெரியாம செஞ்சிடுச்சி." அந்த அம்மா வாசற்படி ஏறவே இல்லை. "கொழந்த கையில சாமியே சொல்லிட்டாரு. இந்தச் சம்பந்தம் வேணாம்."

அவர்கள் போனதும் நைனா என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார். சித்தி குறுக்கே வந்து நின்றாள். "அவள அடிக்காதீங்க மாமா. வெட்னது நானு. நாந்தான் எடுத்து வெட்டிக் குடுத்தேன்."

நைனாவின் கை அப்படியே இறங்கியது. "பாரு, தன் கல்யாணமே நின்னுபோச்சி. அப்பவும் கொழந்தைய வுட்டுக்குடுக்காம பழிய ஏத்துக்குது" என்று அம்மாவிடம் தழுதழுத்தார். சித்தி இரண்டு தடவை சத்தியம் செய்தாள். ஒருவரும் நம்பவில்லை. வெட்டியபோது பக்கத்திலேயே இருந்த எனக்குக்கூட, நைனா சொன்ன பிறகு, தப்பு என்னுடையதுதான் என்று தோன்றிவிட்டது.

வீட்டில் வெறுமனே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதற்கு காலேஜுக்காவது போகட்டும் என்று நைனாவே சொன்னார். திங்கட்கிழமை காலை நானும் அவரும் சித்தியை பஸ் ஸ்டாண்டில் விடப் போனோம். நைனா டீ குடிக்க நகர்ந்த நேரம், நான் சித்தியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானே சித்தி உனக்குக் கல்யாணம் நின்னுபோச்சி" என்று தேம்பினேன்.

சித்தி குனிந்து என் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த பிறகும் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். துக்கத்தில் சித்திக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். "சித்தி தானா சிரிக்குதும்மா. நிறுத்தவே மாட்டேங்குது. சாயங்காலம் பள்ளிவாசலுக்குக் கூட்டினு போயி ஓதி ஊதச் சொல்லலாமா?"

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், அம்மாவும் அழுகிறாள் என்று, நான் பின்னாலிருந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டேன்.