மொத்தமாக ஒரு மன்னிப்பு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குடியிருப்பில் இருந்தவர்கள் வைத்த பெயர் 'மொத்தம்'. அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. ஏதோ பட்டம் கொடுத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். ஊருக்கு வெளியே, உள்ளே நுழைந்தால் வெளியே வர வழி கேட்க வேண்டிய அளவுக்குப் பெரிய கிடங்குக்கடை ஒன்று இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்த அட்டை கைக்கு வந்த அன்றைக்குத்தான் மனிதருக்குச் சனி பிடித்தது. கட்டிய சந்தாவை மிச்சம் பிடித்தே எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நிறைய வாங்கினால்தானே நிறைய மிச்சமாகும்? கணக்கு சரிதான், வீடுதான் சின்னது.

சும்மா சொல்லக்கூடாது, வாங்குவதில் ஆள் கெட்டிக்காரர். கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விலையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கீழே பொடி எழுத்தில் நூறு கிராமுக்கு என்ன விழுகிறது என்று போட்டிருப்பார்களே, அதைக் குனிந்து படிப்பார். சீக்கிரம் கெட்டுப்போகிற சாமானைத் தொடமாட்டார். வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பது மட்டும் அந்த வாசலைத் தாண்டியதும் மறந்துபோகும்.

சலவைத்தூள் டப்பாக்கள் ஹாலில் சோபா ஆயின. தக்காளி சாஸ் டின்கள் குளியல் தொட்டியில் நின்றன. குளிக்கும் முன் அவற்றை வெளியே எடுத்து, குளித்தபின் துடைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். ஒருநாள் அவர் சாமானோடு ஏறியதில், அவரே பழுதுபார்க்கும் லிஃப்ட் பாரம் தாங்காமல் பாதியில் நின்றது. அவசரப் பொத்தானை அழுத்தினார். அவர் சட்டைப்பையிலேயே போன் அடித்தது. "பதறாதீங்க, யாரு மாட்டியிருக்கிறது?" என்று கடமை தவறாமல் கேட்டார்.

அவர் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். எல்லோருக்கும் நர்ஸம்மா. இரவெல்லாம் வேலை, பகலில்தான் தூக்கம். டின்களைப் பொறுத்தார், டப்பாக்களைப் பொறுத்தார். ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்து பார்த்தால், கட்டிலில் தான் படுக்கும் பக்கம் கூரைவரை டிஷ்யூ ரோல்கள்.

"மெத்துன்னு இருக்கும், அப்படியே சாஞ்சுக்கோ," என்றார் மெக்கானிக்.

நர்ஸம்மா தோளில் இருந்த பையை இறக்காமலேயே திரும்பி, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

கோபம் தணிந்தால் வருவார் என்று மெக்கானிக் பேசாமல் இருந்தார். வரவில்லை. இதற்கிடையில் அட்டையைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. கடையில் இருந்த பெண், "கார்டு மேடம் பேர்ல இருக்கு சார். அவங்க நேர்ல வரணும்," என்று கையை விரித்துவிட்டாள். அட்டை ஒரு சாக்குத்தான். பேச ஆளில்லாமல் அந்த வீட்டில் சாஸ் டின்னோடு பேசிக்கொண்டிருந்தார் மனிதர். மனைவி திரும்பி வராமலே போய்விடுவாரோ என்று பயந்து, அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

அக்கா கதவைத் திறந்ததும், கையில் இருந்த பெரிய சாஸ் டின்னை நீட்டினார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கார்டுக்காகவா வந்தீங்க?" என்றார் நர்ஸம்மா.

"ஆமா... இல்ல. இங்க பாரு, இதுவரைக்கும் பண்ணதுக்கு, இனிமே பண்ணப்போறதுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து மொத்தமா மன்னிச்சிடு."

"மன்னிப்பக்கூட மொத்தமாத்தான் வாங்குவீங்களா? சில்லறையா கேளுங்க. ஒண்ணொண்ணா."

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். எதையும் ஒன்றே ஒன்று வாங்கி எத்தனை காலமாயிற்று!

"தொட்டில டின் அடுக்கினதுக்கு மன்னிச்சிடு."

"ம்."

"உன் பிறந்தநாளுக்குக் கையுறை ஒரு பெட்டி வாங்கித் தந்ததுக்கு..."

"ஒரு பெட்டியா?"

"பன்னெண்டு பெட்டி."

அக்கா டின்னுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் காலையில நீ வந்தப்ப உன் கண்ணு செவந்திருந்துச்சு. பாத்தேன். ஏன்னு கேக்கல. டிஷ்யூவப் பத்திப் பேசிட்டேன். அதுக்கு மன்னிச்சிடு."

நர்ஸம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அன்னிக்கு ஒரு குழந்த தங்கல. அதப் பெத்த பொண்ணு என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. வீட்டுக்கு வந்து படுத்து அழலாம்னு வந்தேன். படுக்க இடமில்ல."

அக்கா சத்தமில்லாமல் டின்னைத் தரையில் வைத்தார்.

"இது ஒண்ணுக்குத்தான் இத்தன நாளா உக்காந்திருக்கேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் நர்ஸம்மா. "மத்ததெல்லாம் இதோட இலவசம். என் பக்கம் இப்பவாவது காலியா?"

"நீ போன அன்னிக்கே காலி."

"ரோலெல்லாம் எங்க வெச்சீங்க?"

"என் பக்கத்துல."

"அப்ப நீங்க எங்க படுக்கறீங்க?"

"ஹால்ல. தூள் டப்பா மேல."

"ஏன், காலியா இருக்கிற என் பக்கத்துல படுத்தா என்னவாம்?"

"திடீர்னு நீ திரும்பி வந்துட்டா?" என்றார் மெக்கானிக். "உனக்குப் படுக்க இடம் வேணுமில்ல?"

நர்ஸம்மா எழுந்து செருப்பைத் தேடினார்.